எல்லோரையும் ‘நீங்க’ என்று கூப்பிட்ட சில மாதங்கள்

எழுபதுகளின் கடைசியில் எனக்கு இருபத்திரண்டு வயது. தமிழில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த சமயத்தில், புதுச்சேரியில் பெரிய வாய்க்காலை ஒட்டிய தெருவில் இருந்த ஒரு சின்ன அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை கிடைத்தது. அப்பா பஞ்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தவர். அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் வந்த வேலை. சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து தினமும் நடந்தே போவேன். பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்சம் பிரெஞ்சும் எனக்குத் தெரியும் என்றதும் முதலாளி மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டார்.

அச்சகத்தில் நாங்கள் நாலு பேர். முதலாளி, மிஷின் ஓட்டுகிறவர், எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர், நான். கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், பிரெஞ்சுப் பென்ஷன் குடும்பங்களுக்காக இரண்டு மொழியிலும் அடிக்கிற மரண அறிவிப்பு, இதெல்லாம்தான் எங்களுக்கு வருகிற வேலை.

கம்பாசிட்டருக்கு என் அப்பாவின் வயது இருக்கும். ஊருக்கு வெளியே காலனியில் வீடு. சின்ன வயதில் பாதிரிமார் நடத்திய அச்சுக்கூடம் ஒன்றில் தொழில் கற்றவர். பிரெஞ்சு பேசமாட்டார். ஆனால் எந்த எழுத்தின் தலையில் கோடு வரும், எந்த எழுத்தின் அடியில் வால் வரும் என்று அவர் விரல்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் கோத்ததில் பாதி வார்த்தைகளுக்கு அர்த்தமும் பிடிபட்டிருந்தது.

இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அப்போது அச்சகத்தில் எல்லோரும் அவரை ‘வா, போ’ என்றுதான் சொல்வோம். நானும்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி, “இந்தப் பொண்ணு சொல்றத கேட்டுக்க” என்று அவரிடம் சொன்னார். நானும் அதே ஓட்டத்தில் “அந்தக் கேலிய இங்க கொண்டா” என்று, புரூஃப் எடுத்த நீளத் தாளைக் கேட்டு ஆரம்பித்துவிட்டேன். அவர் என்னை ‘வாங்கம்மா’ என்பார். இதில் கவனிக்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் கையெழுத்துப் பிரதியோடு வந்தார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கோர்ட்டில் பதிவேடு எழுதும் உத்தியோகத்தில் இருந்தவர். அந்த உத்தியோகத்துக்கு ‘கிரெஃபியே’ என்று பெயர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் ஊரில் அவரை அப்படியேதான் சொன்னார்கள். எண்பது வயது நிறைகிற விழாவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுக்க அவருக்கு ஆசை. பக்கத்துக்கு ஒரு சுலோகம். மேலே தமிழ் எழுத்தில் சமஸ்கிருதம், நடுவில் தமிழில் பொருள், அடியில் பிரெஞ்சில் பொருள். எல்லாமே ஒரு விஷயத்தைப் பற்றித்தான். மனிதர்களைச் சமமாகப் பார்ப்பது.

“பாரீஸ்லேர்ந்துகூட ஆளுங்க வராங்க” என்றார் முதலாளியிடம். “நம்ம சாஸ்திரத்துல ஜாதி மட்டும்தான் இருக்குன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. இதுவும் இருக்குதுன்னு தெரியட்டும்.”

அதில் ஒரு சுலோகத்தின் பொருள் இப்படிப் போகும்: கற்றறிந்த அந்தணனையும், பசுவையும், யானையையும், நாயையும், நாயை உண்பவனையும் அறிவுள்ளவர் சமமாகவே பார்க்கிறார். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த சுலோகம்தான். நான் அதுவரை படித்ததில்லை.

கையால் எழுத்துக் கோக்கும்போது அடிக்கடி நேர்கிற தப்பு ஒன்று உண்டு. கண் வரியில் நழுவி, ஒரே வார்த்தை இரண்டு தடவை விழுந்துவிடும். புரூஃபில் ‘நாயையும், நாயை உண்பவனையும்’ என்று பார்த்ததும் இதுவும் அந்த வகை என்று நினைத்தேன். பிரதியைத் திருப்பிப் பார்க்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம், பசி. இரண்டாவது ‘நாயை’ சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அடுத்த புரூஃப் ‘நாயையும், உண்பவனையும்’ என்று சுத்தமாக வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

பக்கமெல்லாம் கட்டி முடித்தபிறகு கிரெஃபியே பார்க்க வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

“உண்பவன்னு இருக்குதே. எத உண்பவன்? நானுந்தான் உண்கிறேன். அந்தணனும் உண்கிறான்.”

முதலாளி எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது. உள்ளே திரும்பி, “டேய், கண்ண எங்க வெச்சிருந்த? முப்பது வருஷமா இதத்தான செய்யற?” என்று கத்தினார். கம்பாசிட்டர் எழுத்துப் பெட்டிக்குப் பின்னாலிருந்து வந்து நின்றார். கையெல்லாம் ஈயக் கறுப்பு. “போட்டுர்றேங்க” என்றார், அவ்வளவுதான். சேர்த்த வார்த்தைக்கு இடம் வேண்டும் என்பதால் அந்தப் பக்கம் முழுவதையும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

சிவப்பு மை அடித்த காகிதம் என் மேஜையின் இழுப்பறையில் இருந்தது. வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, வேலை போய்விடுமோ என்ற பயம் ஒன்று. இன்னொன்று, சத்தம் அடங்கிவிட்டது. திரும்பக் கிளப்புவானேன் என்ற சௌகரியம்.

சாயங்காலம் முதலாளி வெளியே போனபிறகு கம்பாசிட்டரிடம் போய்க் கேட்டேன். “அங்க ரெண்டு நாய் வரணும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்மா. பிரதிய பாத்துத்தான கோத்தேன்.”

“அப்பறம் ஏன் சொல்லலே?”

அவர் என்னைப் பார்த்தார். நான் நிஜமாகவே கேட்கிறேனா என்று யோசிப்பதுபோல் இருந்தது. “நீங்க அடிச்சீங்க, நான் எடுத்தேன். நீங்க அடிச்சத நான் எப்படிம்மா தப்புன்றது?”

அந்தப் பதில் எனக்குப் புரியவில்லை என்பதைவிட, பழக்கமில்லாத ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டது என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாததை அவர் தெரிந்து வைத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கும் திட்டு இல்லை, எனக்கும் தப்பு இல்லை. அந்த ஒரு வார்த்தை ஏன் வரவில்லை? எது தடுத்தது? வீட்டுக்கு நடந்து போகும்போது அந்தச் சுலோகத்தையே மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐந்து பேரை வரிசையாக நிறுத்தியிருக்கிறது. இது மேலிருந்து கீழே வருகிற வரிசையா? வரிசையில் நிறுத்திவிட்டுச் சமம் என்பது எப்படி? யானையும் நாயும் எந்த விதத்தில் சமம்?

கிரெஃபியே அடுத்த தடவை வந்தபோது அவரையே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கேள்வி கேட்கிற ஆள் கிடைத்ததில் சந்தோஷம்தான். உள்ளே இருக்கிற ஆத்மா ஒன்று, உடம்பு வேறு வேறு, அறிந்தவன் ஆத்மாவைப் பார்க்கிறான் என்று விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது என்றார்.

“பகவான் அந்த வீரனைப் பாத்து ‘நீ’ன்றாரு. ஃப்ரெஞ்சுல ‘த்யூ’ன்னு போடறதா, ‘வூ’ன்னு போடறதா? நமக்கு நீ, நீங்க இருக்கிற மாதிரிதான் அவங்களுக்கு. சினேகிதனும் ‘த்யூ’தான், வேலக்காரனும் ‘த்யூ’தான். படிக்கிறவன் எதுன்னு எடுத்துக்குவான்?”

அப்போது தன் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். அவரும் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவராம். துரைமார்கள் எல்லோரும் அவரை ‘த்யூ’ என்றுதான் அழைப்பார்களாம். தங்களுக்குள் ‘வூ’. ஒருநாள் புதிதாக வந்த ஒரு நீதிபதி அவரை ‘வூ’ என்று சொல்லி எதையோ கேட்டார்.

“அப்பா திரும்பிப் பின்னாடி பாத்தாராம், வேற யாராச்சும் நிக்கிறாங்களான்னு. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட இதச் சொன்னாரு. நான் சின்னப் பையன். எங்கப்பா சொல்லும்போது சிரிச்சாரு, ஆனா கண்ணு கலங்கியிருந்துச்சு.”

சொல்லிவிட்டு உள்பக்கம் பார்த்து, “ஏம்பா, அந்தப் பன்னெண்டாம் பக்கத்த எடுத்துட்டு வா” என்றார். கம்பாசிட்டர் எடுத்து வந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. இவர் இப்படிப் பேசிவிட்டு அப்படிக் கூப்பிடுகிறாரே என்று நினைத்து முடிப்பதற்குள், அன்று சாயங்காலம் நான் ‘உனக்குத் தெரியாதா’ என்று கேட்டது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையிலேயே ஒரு சோதனை செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். சீர்திருத்த எண்ணமெல்லாம் அப்போது எனக்கு இல்லை. என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சமமாகப் பார்ப்பது எனக்கு எட்டாத விஷயம். சமமாகக் கூப்பிடலாம். யாராக இருந்தாலும் ‘நீங்க’.

முதலில் வீட்டில் ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் அப்பா ‘நீங்க’, அம்மா ‘நீ’. அம்மாவும் அப்பாவை ‘நீங்க’ என்பாள், அப்பா அவளை ‘நீ’ என்பார். காலையில் அம்மாவிடம், “அம்மா, நீங்க காப்பி குடிச்சிட்டீங்களா?” என்றேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். புறங்கையால் என் நெற்றியைத் தொட்டாள்.

“சுடலியே. என்னாடி ஆச்சு உனக்கு?”

“ஒண்ணுமில்ல. மரியாதையா கூப்பிட்டேன்.”

“மரியாதையா! எவனயாவது பாத்து வெச்சிருக்கியா, இப்பவே அடி போடறியா?”

இரண்டு நாள் விடாமல் சொன்னேன். மூன்றாம் நாள் அம்மா அழாத குறை. “நான் உனக்கு அந்நியமா பூட்டனா?” என்றாள். அம்மாவை விட்டுவிட்டேன்.

அடுத்தது மீன்காரம்மா. தேங்காய்த்திட்டுப் பக்கத்திலிருந்து கூடையோடு நடந்து எங்கள் தெருவுக்கு வருவார். அம்மாவும் அவரும் ‘வாடி, போடி’ என்று பேசிக்கொள்வார்கள். நான் ‘நீ’ என்பேன். அன்றைக்கு, “இன்னிக்கு என்ன மீன் கொண்டாந்திருக்கீங்க?” என்றேன்.

கூடையை இறக்கப் போனவர் நிறுத்தினார். “ஏன், நேத்து குடுத்த சங்கரா நல்லா இல்லியா?”

“நல்லாத்தான் இருந்துது.”

“பின்ன என்னாத்துக்கு ‘நீங்க’ன்ற? மீன் வேணாம்னா வேணான்னு சொல்லிட்டுப் போ. உத்தியோகத்துக்குப் போனதும் நாங்க நாறிப் போயிட்டமா?”

சமாதானம் சொல்ல அரை மணி நேரம் ஆனது. அவர் போனபிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த அம்மா எல்லோரையும் ‘நீ’ என்பார். போலீஸ்காரரை, எதிர்வீட்டு ஹெட்மாஸ்டரை, என் அப்பாவை. நான் மேலே ஏற்றிச் சமமாக்கப் பார்த்ததை அவர் ரொம்ப நாளாகக் கீழே இறக்கிச் செய்துகொண்டிருந்தார். ஒருவரும் அவரிடம் கோபித்துக்கொண்டதில்லை. அவருக்கும் அந்த ‘நீ’தான் வேண்டியிருந்தது. சோதனையில் இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அச்சகத்தில்தான் நிஜமான கஷ்டம். சொல்லத் தயாராகப் போனால் நாக்குப் புரளவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். என் அப்பா வயதுக்காரரை ‘நீங்க’ என்று சொல்ல எது தடுக்கிறது? காலை முழுவதும் வினைச்சொல்லே இல்லாமல் பேசினேன். “அந்தக் கேலி.” “ஆறாம் பக்கம்.” பதினொரு மணிக்கு மிஷின்காரர் டீ வாங்கி வந்தபோது, “நீங்க டீ குடிச்சிட்டு அந்தத் திருத்தத்தப் போடுங்க” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

கம்பாசிட்டர் தலை நிமிரவில்லை. சற்று நேரம் கழித்து என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “ஏம்மா, முதலாளி ஏதாச்சும் சொன்னாரா?”

“இல்லியே, ஏன்?”

“போன வருஷம் ஒரு ஆள நிறுத்துனாரு. அது வரைக்கும் ‘டா’ போட்டுத்தான் பேசுவாரு. அன்னிக்கு மட்டும் ‘நீங்க நாளைலேர்ந்து வர வேணாம்’னாரு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அப்படி ஒன்றும் இல்லை, வயதில் பெரியவர், அதனால்தான் என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு வாரம் ஜாக்கிரதையாகவே இருந்தார். முதலாளி ஒரு தடவை கேட்டுவிட்டு, “என்னம்மா, அவனுக்குப் பட்டாபிஷேகமா?” என்றார். அத்தோடு விட்டுவிட்டார்.

காதில் ‘நீங்க’ விழ ஆரம்பித்தபிறகு என் கண்ணும் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். கம்பாசிட்டரின் டீத் தம்ளர் தனியாக ஜன்னல் மேல் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதுவரை அதைப் பார்க்காமல் எப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. முதலாளியைக் கேட்டதற்கு, “ஈயம் தொடற கை, உடம்புக்கு ஆகாது” என்றார். மிஷின்காரரும் நாள் முழுக்க அதே ஈயத்தைத்தான் தொட்டார். அவர் எங்களோடு பொதுத் தம்ளரில் குடித்தார். கம்பாசிட்டரிடமே கேட்டேன்.

“அது என் தம்ளரும்மா” என்றார். “நான்தான் கழுவறேன், நான்தான் வெச்சிருக்கேன். அத யாருக்கும் குடுக்க மாட்டேன்.” சொல்லும்போது முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. அது வேடிக்கைக்கா, வேறு எதற்கா என்று பிடிபடவில்லை.

கிரெஃபியேயின் புத்தகம் பாதி அடித்து முடிந்த சமயத்தில் ஒருநாள் அவர் வந்தார். அந்தச் சுலோகத்தில் ‘நாயை உண்பவன்’ என்பதை எடுத்துவிட்டு ‘எளியவன்’ என்று போட்டுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். விழாவுக்கு வருகிறவர்கள் யாராவது மனம் புண்படுவார்களோ என்று அவருடைய மருமகள் சொன்னாளாம். என் கருத்தைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “அவரக் கேக்கலாமே” என்றேன்.

“எவர?”

நான் எழுத்துப் பெட்டிப் பக்கம் கையைக் காட்டினேன். கிரெஃபியே சற்றுத் தயங்கினார். கம்பாசிட்டர் தானாகவே வந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

“எளியவன்னா யாருன்னு தெரியாதுங்க ஐயா” என்றார். “காசில்லாதவன்கூட எளியவன்தான். யார தள்ளி வெச்சாங்களோ அவன பேரு சொல்லித்தான எழுதியிருக்குது? அத எடுத்துட்டா யார சமமா பாத்தாங்கன்னே தெரியாம பூடும்.”

“அப்ப இருக்கட்டும்ன்ற?”

“இருக்கட்டுங்க. ஆனா ஒண்ணு எனக்கு வெளங்கலே. கேக்கலாங்களா?” கேட்டுவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். “அஞ்சு பேரு இருக்காங்க. அறிவாளி பாக்கறாரு, சமமா தெரியுது. சரி. அந்த நாய் தின்றவன் என்னா பாக்கறான்? அவன் கண்ணுக்கு அறிவாளி எப்படித் தெரியறாருன்னு எங்கியாச்சும் எழுதியிருக்குதுங்களா?”

கிரெஃபியே புத்தகக் கட்டைப் பார்த்தார். “ஆத்மா ஒண்ணுதானப்பா. உள்ள இருக்கிறதச் சொல்றது அது.”

“உள்ள இருக்கிறது சரிங்க. வெளிய இருக்கிறதுதான டீ குடிக்குது.”

  கிரெஃபியே கோபப்படப் போகிறார் என்று நான் பயந்தேன். கோர்ட்டில் நாற்பது வருஷம் இருந்த மனிதர், வார்த்தைக்கு வார்த்தை பதில் தெரிந்தவர்.  அவர் பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் கையால் இழுத்து, கம்பாசிட்டரின் முன்னால் போட்டு, “அசேயே வூ” என்றார்.

உட்காருங்கள் என்று அர்த்தம். தமிழில் அந்த ‘ங்கள்’ அவர் வாயில் வரவில்லை. பிரெஞ்சில் வந்துவிட்டது.

கம்பாசிட்டருக்கு அது புரிந்தது. அந்த எழுத்துகளை எத்தனையோ அழைப்பிதழ்களில் கோத்திருப்பார். ஸ்டூலின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நுனியில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். அந்தச் சுலோகத்தைப் பற்றி அல்ல. ‘மேரி’ என்கிற பழைய நகரசபைக் கட்டடத்தில் இருந்த கடிகாரத்தைப் பற்றி, எந்த வருஷம் எந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய் வந்தது என்பதைப் பற்றி. குழாய் விஷயத்தில் இரண்டு பேருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. புறப்படும்போது கிரெஃபியே பழையபடி “வரேம்பா” என்றுதான் சொன்னார். ஆனாலும் அடுத்தடுத்து வந்தபோதெல்லாம் நேராக எழுத்துப் பெட்டிக்குத்தான் போனார். பிரெஞ்சில் ‘த்யூ’வா ‘வூ’வா என்ற சந்தேகத்தையும் அவரிடமே கேட்டார். “ரெண்டுக்கும் எழுத்து இருக்குதுங்க, எது வேணும்னாலும் போடலாம்” என்று பதில் வந்தது. கடைசியில் ‘த்யூ’ என்றே அச்சானது. அறிவாளியைப் பற்றிய கேள்விக்கு மட்டும் கிரெஃபியே கடைசிவரை பதில் சொல்லவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கம்பாசிட்டர் என் திருத்தங்களை மறுக்க ஆரம்பித்தார்.

முதலில் மெதுவாக. “இங்க ஒற்று வராதும்மா.” பிறகு நேராக. “நீங்க போட்டிருக்கிறது தப்பு.” பி.ஏ. படித்த எனக்கு அவர் சந்தி சொல்லிக்கொடுத்தார். பத்தில் ஆறு தடவை அவர் சொன்னது சரியாக இருந்தது. எனக்குப் பிடிக்கவே இல்லை. ‘நீங்க’ என்று கூப்பிட்டது இதற்கா என்று ஒருநாள் உள்ளுக்குள் நினைத்தேன். அப்படி நினைத்ததை இன்று நினைத்தாலும் கூசுகிறது. அவர் வாயிலிருந்து மரியாதையையும் நன்றியையும் நான் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. வந்தது வாக்குவாதம்.

ஒரு சாயங்காலம், மழை பிடித்துக்கொண்டதால் இரண்டு பேரும் உள்ளேயே நிற்க வேண்டியதாயிற்று. முதலாளி இல்லை. நான் பேச்சுவாக்கில், “இப்பல்லாம் நம்ம புரூஃப்ல தப்பே வர்றதில்ல, பாத்தீங்களா” என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்த நாய் விஷயத்துல அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாம்.”

“எத?”

“நான்தான் அடிச்சேன்னு. ஒரு வார்த்த. எண்பது வயசுப் பெரியவரு முன்னால ‘டேய்’ன்னு கேட்டுக்கிட்டேன். நீங்க அங்கதான இருந்தீங்க.”

மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள்கூட அவர் முகத்தில் காட்டியதில்லை. எனக்குக் காது சுட்டது. பயமாக இருந்தது என்றேன். “இருக்கும்” என்றார்.  மழை விட்டதும் குடை இல்லாமலே கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை நான் முதலாளியிடம் போய் நின்று, அந்தப் பக்கத்தில் தப்புச் செய்தது நான், இதோ சிவப்பு மை அடித்த காகிதம் என்று கொடுத்தேன். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்த நாய்?”

விளக்கினேன். “அட விடும்மா” என்றார். “நீ சின்னப் பொண்ணு. அனுபவஸ்தன் அவன், அவன்தான் பாத்திருக்கணும்.” காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார். நான் எதைச் சொன்னாலும் அந்தத் தப்பு கம்பாசிட்டரிடமே போய்ச் சேர்ந்தது. ஒரு ‘நீங்க’வுக்கு எவ்வளவு தூரம் எட்டும், எங்கே எட்டாது என்று அன்று கொஞ்சம் தெரிந்தது.

உள்ளே போனேன். கம்பாசிட்டருக்கு எல்லாம் கேட்டிருக்கும். நடுவில் ஒரு தட்டிதான்.  இரண்டு மூன்று நாள் வேலைக்கு வேண்டியதற்கு மேல் பேச்சு இல்லை. நாலாம் நாள் ஒரு கல்யாணப் பத்திரிகையில் நான் போட்ட காற்புள்ளியைக் காட்டி, “இது எதுக்கு?” என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள், என்னை ‘நீ’ என்றே கூப்பிடுங்கள், என் அப்பா வயது உங்களுக்கு என்று கேட்டுக்கொண்டேன். அவர் எழுத்துக் கோக்கிற ஸ்டிக்கில் இரண்டு எழுத்து வைத்துவிட்டு யோசித்தார்.

“அது வேணாம்மா. நீங்க சொல்லி நான் கூப்பிட்டா அதுவும் நீங்க போட்ட திருத்தமாத்தான் இருக்கும்.”

நான் எண்பதுகளின் தொடக்கத்தில் அரசு வேலை கிடைத்து லாஸ்பேட்டைக்குப் போனேன். புது ஆபீசில் எல்லோரும் எல்லோரையும் ‘சார், மேடம், நீங்க’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். வாய் தவறி ஒரு ‘நீ’கூட வராது. ஆனால் கூட்டிப் பெருக்குகிற அம்மாவின் கருத்தை யாரும் எதற்கும் கேட்டதில்லை. அந்த அம்மா எதையும் மறுத்துச் சொல்லி நானும் கேட்டதில்லை. சேர்ந்த முதல் மாதம், கோப்புகளை அடுக்குவதற்கு எந்த அலமாரி நல்லது என்று அவரிடம் கேட்டேன்; மழையில் எந்தச் சுவர் ஒழுகும் என்று அவருக்குத்தானே தெரியும். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எது வேணும்னாலும் வெச்சிக்குங்க மேடம்” என்றார்.

நான் கிழக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். ஐப்பசியில் எல்லாம் நனைந்தது. ஈரக் கோப்புகளை வராந்தாவில் காயப்போட அவரும் வந்து உதவினார். “இது ஒழுகும்னு தெரியும் இல்ல?” என்று கேட்டேன். தெரியும் என்று தலையாட்டினார். அடுத்த வருஷம் ஆடி மாதமே, நான் கேட்காமல், அவராக என் மேஜைக்கு வந்து, “அந்த அலமாரிய இந்தாண்ட நகத்துங்க மேடம், ஆளுங்கள நானே கூட்டியாரேன்” என்றார்.